தும்பைக்காட்டில் ஒரே ஊசியை இரண்டு முறை போட்டேன்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். சுறுசுறுப்பான பெண். கொடுத்த காபியைக் குடிக்காமல் ஆறவிட்டு, ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இப்போதெல்லாம் பதிவேடு, கார்பன் பேப்பர், சிவப்பு மை எதுவும் கிடையாது. எல்லாம் ஃபோனில்தான். ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி தவறிவிட்டால் ஏன் தவறியது என்று அதில் இருக்கும் காரணங்களில் ஒன்றைத் தொட்டுவிட வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். தாய்க்கு விழிப்புணர்வு இல்லை. தாய் மறந்துவிட்டார். தாய் மறுத்தார். தாய் ஊரில் இல்லை. தாய்க்குப் பயம்.

"இன்னாடி இது, எல்லாத்துக்கும் தாயையே கூண்டுல ஏத்தி வெச்சிக்கிறாங்க?" என்றேன்.

"அதுக்குத்தான்க்கா வந்தேன். அடுத்த வாரம் எங்களுக்கு ட்ரெய்னிங். நீங்க முப்பது வருசம் ஊசி போட்டவங்க. அம்மாங்க ஏன் கரெக்ட்டா வர்றாங்க, ஏன் வர்றதில்லைன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. நான் படிச்சிடறேன்."

நாலு பக்கத்தில் அடங்குமா என்று தெரியவில்லை. எனக்குப் பேச்சில்தான் வாய் ஜாஸ்தி என்று நினைத்திருந்தேன், எழுத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது. 

சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அம்மா நாற்று நடப் போவார். நான் படித்தது, பயிற்சிக்குப் போனது எல்லாம் பெரிய கதை இல்லை. ஒன்றரை வருடம் விடுதிச் சாம்பார் சாப்பிட்டேன். முதல் பிரசவத்தைப் பார்த்தபோது நானே மயங்கி விழுந்தேன். அன்றைக்குப் பிள்ளை பெற்றவளைவிட எனக்குத்தான் அதிகம் தண்ணீர் தெளித்தார்கள். அப்படியே தேறி, வேலை கிடைத்து, முதலில் திருநாவலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன்.

அங்கே நிலம் நீச்சு உள்ள குடும்பங்கள். தாய்மார்கள் பள்ளிக்கூடம் போனவர்கள். ஒன்றரை மாதத்தில் ஓர் ஊசி, இரண்டரையில் ஒன்று, மூன்றரையில் ஒன்று என்று நான் சொன்னால் அவர்களே அட்டையில் குறித்து வைத்துக்கொள்வார்கள். எனக்கு வேலை சுலபம் என்று மிதப்பாக இருந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பிறந்த குழந்தையை மூன்றாம் மாதம் அல்லது ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டுக்குச் சீரோடு கொண்டுபோய் விடுவார்கள். ஒரு பெண், பெயர் அமுதா, "வர்ற வெள்ளிக்கெழம எங்க ஊருக்குப் போறோம் நர்சம்மா" என்று வந்து சொன்னாள். நான் பெரிய நிர்வாகி மாதிரி, "அப்போ மீதி ஊசியெல்லாம் அங்க போட்டுக்கணும், இங்க உன் பேரை அடிச்சிட்டேன்" என்று சொல்லி, ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவளைக் கடைத்தெருவில் பார்க்கிறேன். இடுப்பில் குழந்தை.

"இன்னாம்மா, விருந்துக்கு வந்தியா?"

"எங்க போனேன் வர்றதுக்கு? கெளம்பற நேரத்துல ஆடி வந்துடிச்சி. ஆடில எப்படி அனுப்புவாங்க? அப்புறம் நாலாம் மாசம், ரெட்டப்படைன்னுட்டாங்க. அஞ்சாம் மாசந்தான் போறேன்."

"ஊசி?"

"நீங்கதான பேரை அடிச்சிட்டீங்க. இங்க வராத, அங்க போய்ப் போட்டுக்கன்னீங்க."

எனக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்திருக்கிறாள். புருஷன் ஊர்ச் செவிலியரிடம் கேட்டால், குழந்தை இன்னும் தாய் வீட்டிலிருந்து வரவில்லை என்று அவரும் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார். இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை கொழுகொழு என்று உட்கார்ந்திருக்கிறது. அமுதாவுக்கு மறதியும் இல்லை, பயமும் இல்லை. நான் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேசையில் தடுப்பூசிப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாங்கக் காலண்டரும் வைத்துக்கொண்டேன். ஆடி எப்போது, மார்கழி எப்போது, அம்மனுக்குக் காப்புக் கட்டுவது எப்போது என்று முன்கூட்டியே பார்த்துவிடுவேன். காப்புக் கட்டிவிட்டால் ஊரில் ஒருத்தரும் ஊசிக்குக் கை நீட்டமாட்டார்கள். பூசாரியிடம் தேதி கேட்டு அதற்கு முந்தின வாரமே போட்டு முடித்துவிடுவேன். 'குழந்தை வந்து சேர்ந்தது' என்று அடுத்த ஊர்ச் செவிலியர் வாயால் சொல்லும்வரை யார் பெயரையும் அடித்ததில்லை.

வேலையின் கடைசி வருடங்கள் கள்ளக்குறிச்சி நகரத்தில், கருணாபுரத்தில் போயின. அங்கே ஆறு மணிக்கெல்லாம் பெண்கள் சித்தாள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் புதன்கிழமை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாலு பேர் வருவார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் விடிவதற்கு முன்னால் போய் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருத்தியை வழிமறித்துக் கத்தினேன். புள்ளை மேல அக்கறை இருக்கா உனக்கு என்றெல்லாம் கேட்டுவிட்டேன். அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நர்சம்மா, நீங்க புதன்கெயம வா வான்றீங்க. புதன்கெயம போட்டா அன்னிக்கி ராவெல்லாம் புள்ளைக்கு நெருப்பா கொதிக்கும். வியாயக்கெயம நான் எப்டி வேலைக்குப் போவேன்? ஒரு நாள் போவலன்னா மேஸ்திரி வேற ஆள வெச்சிக்கினு பூடுவான். சனிக்கெயம சாயந்தரம் போடுங்க. ஞாயித்துக்கெயம நான் வூட்லதான் கெடப்பேன், எவ்ளோ வேணா அழட்டும். எனுக்கு ஊசி மேல கோவம் இல்ல, கெயம மேலதான் கோவம்."

சனிக்கிழமை சாயந்திரம் தனியாக ஒரு முகாம் போட அனுமதி வாங்க நான் எத்தனை தடவை நடந்தேன் என்பது வேறு கதை. அனுமதி வந்தது, அவர்களும் வந்தார்கள். விழிப்புணர்வுப் பாடல் ஒலிபெருக்கியில் போட்டு வராத கூட்டம், கிழமையை மாற்றியதும் வரிசையில் நின்றது. என்னைத் திட்டிய அந்தப் பெண்தான் முதலில் நின்றாள். பின்னால் நின்றவர்களை வரிசையாக நிற்கச் சொல்லி அதட்டியதும் அவள்தான்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். கல்வராயன் மலையில் இருந்த ஒன்பது வருடங்களில் நடந்த ஒரு விஷயத்தை அப்படி எழுத முடியாது. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் அர்த்தம் இல்லை.

அதற்கு முன்னால் சரோஜாம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் எங்கள் ஆறு செவிலியர்களுக்கும் மேற்பார்வையாளர் அவர். ஒல்லியான உடம்பு. ஆம்பிளை வாட்சு ஒன்றை முகம் உள்பக்கமாக வரும்படி மணிக்கட்டில் கட்டியிருப்பார். எங்களில் கடைசியாகச் சேர்ந்தவளைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதனாலேயே எங்களுக்கு நடுக்கம் அதிகம். கத்துகிற அதிகாரியிடம் பதிலுக்கு முனகவாவது செய்யலாம், இவரிடம் அதுவும் முடியாது.

தடுப்பூசி நாளில் சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்குவார். வணக்கம்கூட வாங்காமல் நேரே மருந்துப் பெட்டிக்குப் போவார். பெட்டியை மேசைமேல் தூக்கி வைக்கமாட்டார், அதன் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்காருவார். மூடியைத் திறந்து, உள்ளே நாலு பக்கமும் நிற்கும் ஐஸ் பைகளைப் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொடுவார். பிறகு ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுவார். உள்ளே தண்ணீர் சலசலத்தால் முகம் மலர்ந்துவிடும். "சரி, நல்லா வேர்த்துக்கிச்சி" என்பார்.

இது என்ன வேர்ப்பது என்று கேட்பீர்கள். ஃப்ரீசரிலிருந்து எடுக்கும்போது ஐஸ் பை கல் மாதிரி இருக்கும், மேலே வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அதை அப்படியே பெட்டியில் வைக்கக் கூடாது. மேசையில் பரப்பி, அந்த வெள்ளை போய், பை வேர்த்து, உள்ளே கொஞ்சம் தண்ணீராகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். துடைத்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும். வெயில் காலத்திலேயே அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏனென்றால் தொடையில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குச் சூடும் ஆகாது, உறைந்தாலும் ஆகாது. உறைந்துவிட்டால் மருந்து செத்துவிடும். சூடு பட்டால் பாட்டில்மேல் இருக்கும் சின்னச் சதுரம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். உறைந்ததைக் காட்டிக்கொடுக்கப் பாட்டிலில் எந்த அடையாளமும் கிடையாது.

பெட்டியைப் பார்த்து முடித்ததும் சரோஜாம்மா வாசலில் போய் நின்றுகொள்வார். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வரும் தாயிடம், "இன்னாம்மா சொன்னாங்க நர்சம்மா? அடுத்த ஊசி எப்போ? காய்ச்சல் வந்தா இன்னா பண்ணணும்?" என்று கேட்பார். அந்தத் தாய்க்குச் சொல்லத் தெரியாவிட்டால் அவளை ஒன்றும் சொல்லமாட்டார். உள்ளே வந்து என்னிடம், "இன்னொரு தடவ நிதானமா சொல்லிடுங்க" என்பார். எனக்கு முகம் சுருங்கிப்போகும். சொல்லியாச்சே, அவ காதுல வாங்கலன்னா நான் என்ன பண்றது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே திரும்பச் சொல்வேன்.

என் பகுதியில் கடைசியாக இருந்தது தும்பைக்காடு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஓடையைத் தாண்டி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். மரவள்ளியும் சாமையும் போடுவார்கள், காட்டில் கடுக்காய் பொறுக்குவார்கள். அங்கே ரஞ்சிதா என்று ஒரு பெண். புதன்கிழமை நான் ஊருக்குள் காலை வைத்தால் அவள் காட்டுக்குள் போய்விடுவாள். கைக்குழந்தைக்கு ஒன்றரை மாதம் தாண்டிவிட்டது, அட்டையில் ஒரு புள்ளிகூட இல்லை.

அவளுடைய மூத்த பையனுக்கு அப்போது நாலு வயது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது முதல் ஊசிக்கு அவள்தான் ஆசையாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். போட்ட இடம் வீங்கிக் கட்டியாகி, சீழ் வைத்து, மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்க் கீறி எடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்த செவிலியர், 'ஒத்தடம் சரியா குடுக்கலன்னா இப்படித்தான்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். மிளகு பறிக்கக் கேரளா போயிருந்த புருஷன் திரும்பி வந்து ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அந்த வீட்டில் பையன் தடுக்கி விழுந்தாலும் அவளுக்குத்தான் திட்டு. நாலு வருடமாக அதே பாட்டு.

புதன்கிழமை ஒளிகிறாள் என்று தெரிந்ததும் திங்கட்கிழமை போனேன். வாசலில் மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்து உட்கார்ந்தேன். "நர்சம்மா, தோலு எது கெழங்கு எதுன்னு தெரியாதா? பாதிய எறிஞ்சிட்டீங்க" என்று சிரித்தாள். ஊசியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவை போய், மூன்று தடவையும் வாயை மூடிக்கொண்டு கிழங்கு சீவியது என் வாழ்நாளில் நான் செய்த பெரிய தவம். நாலாவது தடவை அவளே கேட்டாள்.

"உங்க புள்ளைக்குப் போட்டீங்களா?"

"போட்டேன். ராவெல்லாம் காய்ச்சல். நான் ஒக்காந்து அழுதேன்."

"நர்சுகூட அழுவாங்களா?" என்று வியந்துபோய்ப் பார்த்தாள். கொஞ்ச நேரம் சீவினாள். பிறகு, "எனுக்கு ஊசி பயம் இல்ல நர்சம்மா. புள்ளைக்கு ஒன்னு ஆச்சின்னா அப்புறம் இந்த வூட்ல நான் இருக்கணும். அதான்" என்றாள்.

"அப்படி ஏதாவது ஆச்சின்னா நான் வந்து நிக்கறேன்" என்றேன். வருகிற புதன்கிழமை வருவதாகச் சொன்னாள்.

அதற்கு முந்தின மாதம் ஒன்று நடந்திருந்தது. நல்ல வெயில், ஜீப் வழியில் நின்றுபோய், நான் தும்பைக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தால் ஐஸ் எல்லாம் தண்ணீர், போலியோ சொட்டு மருந்தில் சதுரம் கறுத்துவிட்டது. வந்த தாய்மார்களைத் திருப்பி அனுப்பினேன். "வான்னீங்க, வந்தோம். போன்றீங்க, போறோம்" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனது எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. இந்தப் புதன்கிழமை ரஞ்சிதா வருகிறாள். பெட்டி சூடாகிவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

காலையில் ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பைகளை எடுத்தேன். கல்லாக, வெள்ளை பூத்து இருந்தன. மேசையில் வைக்கவில்லை. அப்படியே அடுக்கினேன். போதாதென்று இன்னும் இரண்டை மேலே திணித்தேன். மருந்துப் பாட்டில்களை நடுவில் வைக்க இடம் இல்லாமல் ஐஸ் பைக்கும் பெட்டிக்கும் இடுக்கில் செருகினேன். குளிர்ச்சி ஜாஸ்தியாக இருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். தெரியும், அன்றைக்கு அது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

அன்று பதினோரு குழந்தைகள். அந்த ஊரில் அதுவரை அத்தனை பேர் ஒரே நாளில் வந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியாக ரஞ்சிதா வந்தாள். தூரத்தில் பலாமரத்தடியில் அவள் மாமியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பாட்டிலை எடுத்துக் குலுக்கினேன். அடியில் வெள்ளையாகக் குருணை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு நொடி கை நின்றது. சதுரத்தைப் பார்த்தேன், வெள்ளையாக நன்றாக இருந்தது. இன்னும் ஒரு தடவை குலுக்கினேன், கரைந்த மாதிரி தெரிந்தது. ஊசியில் ஏற்றிப் போட்டுவிட்டேன்.

சாயந்திரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மீதி மருந்தை ஒப்படைக்கும்போது சரோஜாம்மா இருந்தார். "பதினோரு பேரும்மா!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மீதி இருந்த பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். சிரிப்பு அப்படியே நின்றது. வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தார். பாட்டிலைக் குலுக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஐஸு வேர்த்துச்சாம்மா?"

"நேரம் இல்லீங்கம்மா. அப்படியே வெச்சிட்டேன்."

"சரி. நாமளா எதுவும் சொல்ல வேணாம். மருந்தையே கேப்போம்."

ஒப்பிட்டுப் பார்க்க, நிலையத்துக் குளிர்பெட்டியில் இருந்த அதே வரிசை எண் பாட்டில் ஒன்றை எடுத்து வேண்டுமென்றே ஃப்ரீசரில் போட்டார். இரவு முழுக்க அது உறைந்தது. மறுநாள் காலையில் அதை எடுத்து உருகவிட்டார். பிறகு அதையும் நான் கொண்டுவந்த பாட்டிலையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, சேர்ந்தாற்போலக் குலுக்கி, ஜன்னல் ஓரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மருந்து நன்றாக இருந்தால் நெடுநேரம் பால் மாதிரி கலங்கியே நிற்கும். உறைந்து செத்த மருந்தாக இருந்தால் சுண்ணாம்பு மாதிரி அடியில் இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். ஃப்ரீசரில் வைத்த பாட்டில் இறங்கத் தொடங்கியது. என் பாட்டில் இறங்கக் கூடாது, இறங்கக் கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை. இரண்டும் ஒன்றாக இறங்கின. கால் மணி நேரத்தில் எது எது என்று அடையாளம் தெரியவில்லை.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "பதினோரு பேருக்கும் திரும்பப் போடணும்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அழுகையோடு யோசனையும் வந்தது. "அம்மா, வேற மாதிரி சொல்லிக்கலாமா? கவர்மெண்ட்ல கூடுதலா ஒரு சத்து ஊசி குடுத்துக்கிறாங்கன்னு சொல்லிட்டா யாரும் கேக்கமாட்டாங்க. நெசத்த சொன்னா அந்த ஊர்ல இனிமே ஒரு புள்ளையும் வராது. அந்த ரஞ்சிதா செத்தாலும் வராது."

சரோஜாம்மா வாட்சைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

"சொல்லலாம். ஒறஞ்ச மருந்து போட்டா ரெண்டொரு புள்ளைக்குக் கட்டி வரலாம். அப்போ அந்தத் தாயை யாரு கேப்பாங்கன்னு நெனச்சிப் பாருங்க. மேல நான் எழுதறேன். ஊர்ல நீங்கதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன், வாயத் தொறக்கமாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலையில் ஐஸ் பைகளை மேசையில் பரப்பிவிட்டு, அவை வேர்க்கிற வரைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். தும்பைக்காட்டில் அங்கன்வாடி முன்னால் தாய்மார்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். புதன்கிழமை நான் போட்ட மருந்து உறைந்துபோன மருந்து. அது வேலை செய்யாது. தப்பு என்னுடையது. இன்றைக்குத் திரும்பப் போட வேண்டும். போட்ட இடத்தில் யாருக்காவது கட்டி வரலாம், வந்தால் நான்தான் பொறுப்பு.

"அப்ப எங்க புள்ளைங்க ஒடம்புல போனது இன்னா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வெஷம் இல்ல. ஒதவாத மருந்து."

"ஒன்ன நம்பித்தான வந்தோம்" என்றாள் இன்னொருத்தி. ஒவ்வொருத்தியாகக் கலைந்தார்கள். ரஞ்சிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி வீட்டைப் பார்க்க நடந்துவிட்டாள். சரோஜாம்மா சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்குக் கட்டி வந்தது. அது வற்றுகிற வரைக்கும் நாள் விட்டு நாள் போய் நின்றேன். அந்த மாதம் முடிவதற்குள் ஒன்பது பேர் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு குடும்பம் அதற்குள் மிளகுக்குக் கிளம்பிவிட்டது, அவர்களை அங்கேயே ஒரு செவிலியரைப் பிடித்துப் போடவைத்தோம். அதன் பிறகு தும்பைக்காட்டுப் பெண்கள் என் பெட்டியைத் தாங்களே திறந்து, ஐஸ் பையைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை மடியில் படுக்கவைப்பார்கள். சந்தேகம்தான். சந்தேகப்பட்டவர்கள் ஒரு புதன்கிழமையும் தவறியதில்லை. ட்ரெய்னிங்கில் இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும், வரட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அங்கன்வாடி வாசலில் யாரும் இல்லாமல் போனதும், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரஞ்சிதா வீட்டுக்குப் போனேன். ஏதாவது ஆச்சின்னா நான் வந்து நிக்கறேன் என்று சொன்னவள் நான். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். சரோஜாம்மா நாலடி பின்னால் வந்தார். குழந்தை தூளியில் தூங்கியது. ரஞ்சிதா அதை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒறஞ்ச மருந்தப் போட்டா கட்டி வரும்னீங்களே" என்றாள்.

"வரலாம்."

"அப்ப எங்க பெரியவனுக்கு வந்துச்சே. அதுவும் இப்படித்தானா?"

நான் சரோஜாம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி நான் இல்லம்மா, எதுனாலன்னு எனக்குத் தெரியாது. மருந்தா இருக்கலாம், போட்ட கையா இருக்கலாம், ஊசி சுத்தமில்லாம இருக்கலாம். ஆனா ஒன்னு தெரியும். நீ ஒத்தடம் குடுத்ததுனால சீழ் வெக்கல. குடுக்காததுனாலயும் வெக்கல. அது உன் தப்பு கெடையாது."

தூளியை ஆட்டின கை நின்றுவிட்டது.

"இன்னொரு தபா சொல்லுங்க."

"உன் தப்பு கெடையாதும்மா."

"இருங்க. இருங்க" என்று என்னைக் கையமர்த்திவிட்டு, வீட்டுக்குப் பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "அத்தே! இங்க வா. நர்சம்மா இன்னாவோ சொல்றாங்க, வந்து கேட்டுக்கினு போ."

அவள் மாமியார் கையில் கிழங்கு சீவும் கத்தியோடு வந்து நின்றார். நான் முதலிலிருந்து சொன்னேன். புதன்கிழமை நடந்த என் தப்பைச் சொன்னேன். மூத்தவனுக்கு வந்த கட்டிக்கு மருமகள் காரணம் இல்லை என்றேன். அன்றைக்கு எங்கள் துறைக்காரர் அவளைக் குறை சொன்னதுதான் பெரிய தப்பு என்றேன். ரஞ்சிதா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "நாலு வருசம் நர்சம்மா" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன்.

மாமியார் கத்தியைக் கூரையில் செருகினார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தூளியிலிருந்து பேத்தியைத் தூக்கினார். என் எதிரில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அவளை மடியில் கிடத்திச் சட்டையை விலக்கினார்.

"அன்னிக்கி எந்தக் கால்ல போட்ட?" என்று கேட்டார்.

"இடது கால்லம்மா."

"அப்ப இதுல போடு" என்று வலது தொடையை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.